சென்னையில் ராக் பேண்ட் தொடங்குவோருக்கு: பயிற்சி அறையிலிருந்து இரவு பத்து மணி வரை

"பேண்ட் வைத்திருக்கிறேன்" என்று சென்னையில் ஓர் உறவினரிடம் சொன்னால், "ரிசப்ஷனுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்பதுதான் பெரும்பாலும் அடுத்த கேள்வியாக வரும். அந்தக் கேள்வியில் தவறில்லை. தமிழ்நாட்டில் மேடையில் கிட்டாரும் ட்ரம்ஸும் முழங்குவதை மக்கள் கண்டது, கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்த மெல்லிசைக் குழுக்களின் வழியாகத்தான். திரைப்பாடலை ஒலிநாடாவில் கேட்டபடியே, ஓர் இடையிசைகூடப் பிசகாமல் மேடையில் கொண்டுவருவது அவர்களுடைய தொழில். அதற்கு வேண்டிய திறமை சாதாரணமானதன்று. ராக் பேண்டின் வேலை வேறு. நான்கைந்து பேர் ஓர் அறையில் அடைந்துகொண்டு தாங்களே எழுதிய பாட்டை, தங்கள் பெயரிலேயே, அதைக் கேட்கவென்றே வந்தவர்கள் முன்னால் வாசிப்பது அது.

இந்த இரண்டாவது வேலையைத் தொடங்க விரும்பும், இன்னும் மேடை ஏறாத ஒருவருக்காக இதை எழுதுகிறேன். நான் பதினைந்து ஆண்டுகளாகச் சென்னையில் பாஸ் கிட்டார் வாசிப்பவன். மூன்று பேண்டுகளில் இருந்திருக்கிறேன். அவற்றில் இரண்டு கலைந்துவிட்டன. ஆகவே கீழே உள்ளவற்றில் பாதி, கெடுத்துக் கற்றுக்கொண்டவை.

முதலில், இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேடை கேட்டுப் போகும் இடங்களில் எதிரே இருப்பவருக்கு உங்கள் ஊரின் கதை தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. சென்னையில் மேற்கத்திய இசைக்கருவிகளைக் கற்ற பலர் தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்தும், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களிலிருந்தும், கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களிலிருந்தும் வந்தவர்கள். ஏ.ஆர். ரஹ்மான் திரைப்படத்துக்கு வருவதற்கு முன் நெமிசிஸ் அவென்யூ என்ற சென்னை ராக் குழுவில் இருந்தவர். அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் கடை 1842ஆம் ஆண்டு முதல் இயங்கிவருகிறது. ஆக, கருவிகளும் கைகளும் இங்கே எப்போதும் இருந்தன. இல்லாமலிருந்தது சொந்தப் பாட்டைக் கேட்கக் கூடும் ஓர் இடம்.

அந்த இடத்தை முதலில் கொடுத்தவை கல்லூரி வளாகங்கள். ஐஐடி மெட்ராஸின் கலைவிழா 1974இல் மார்டி கிரா என்ற பெயரில் தொடங்கி, பின்னர் சாரங் ஆனது. அதன் திறந்தவெளி அரங்கில் 2009இல் ஸ்வீடனின் ஓபெத் என்ற மெட்டல் இசைக்குழு வாசித்தபோது, வெளியூர்களிலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்கள் அங்கே நிறைந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கிட்டார் எடுத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். கல்லூரிக்கு வெளியே, அடையாறில் இயங்கிய அன்வைண்ட் சென்டர் ஜூன் ராக் அவுட் என்ற பெயரில் பேண்டுகளைத் திரட்டி மேடை ஏற்றியது. ஜங்க்யார்ட் க்ரூவ், ஸ்க்ராட் போன்ற குழுக்கள் 2000களின் நடுவில் தோன்றி வெளியூர் மேடைகளுக்கும் போயின. அடுத்த பத்தாண்டில் தி எஃப்16ஸ் வந்தது. இவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடியவர்கள். தமிழில் பாடும் மின்கிட்டார்க் குழுவுக்குப் பெரும் கூட்டம் கூடும் என்பதைக் கண்ணெதிரே காட்டியது, திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் நடந்த அதன் முதல் நிகழ்ச்சியில் கானாப் பாடகர்களும் பறையும் மின்கிட்டாரும் ஒரே மேடையில் இருந்தன. கேரளத்தில் அவியல் குழு மலையாளத்தில் செய்ததை, இங்கே வேறொரு அரசியலோடும் வேறொரு தாளத்தோடும் செய்தார்கள் என்பது என் கணிப்பு.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. எந்தக் காலத்திலும் ஒரு பேண்ட் தனியாக மேலே வரவில்லை. ஒரே பயிற்சி அறையைப் பகிர்ந்துகொண்டு, ஒரே ட்ரம்ஸை வாடகைக்கு எடுத்து, ஒருவர் நிகழ்ச்சிக்கு மற்றவர் கூட்டமாகப் போய் நின்ற ஐந்தாறு பேண்டுகள் சேர்ந்தே வந்திருக்கின்றன. கீழே சொல்லும் ஒவ்வொரு படியிலும் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் கேட்பவராக இருங்கள்

கிட்டார் வாங்குவதற்கு முன் நுழைவுச்சீட்டு வாங்குங்கள். ஜனவரியில் சாரங், செப்டம்பரையொட்டித் திருச்சி என்ஐடியில் ஃபெஸ்டெம்பர், அண்ணா பல்கலைக்கழகத்தில் டெகோஃபெஸ் எனக் கல்லூரி விழாக்கள் ஆண்டு முழுவதும் வருகின்றன. ஜூன் 21 அன்று உலக இசை நாளையொட்டி நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேயின் பக்கம் ஒரு கண் வையுங்கள்; 1982இல் பிரான்சில் தொடங்கிய அந்த நாள் அவர்களுக்கு வீட்டு விசேஷம் மாதிரி. எழும்பூர் மியூசியம் தியேட்டர், பெசன்ட் நகர் ஸ்பேசஸ் ஆகிய இடங்களிலும் அவ்வப்போது நிகழ்ச்சிகள் உண்டு. மார்கழியில் சபாக்கள் எல்லாம் கர்நாடக இசைக்குப் போய்விடுவதால் அரங்கு கிடைப்பது கடினம். ஆனால் 2020 முதல் நடக்கும் மார்கழியில் மக்களிசை என்ற இசைவிழா அந்த மாதத்தின் பொருளையே கொஞ்சம் மாற்றியிருக்கிறது, அதைத் தவறவிடாதீர்கள்.

அங்கே போனால் பாடகரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒரு பேண்ட் இறங்கி அடுத்த பேண்ட் ஏறும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடங்களைப் பாருங்கள். யார் முதலில் வயர்களைச் சுருட்டுகிறார், ட்ரம்மர் எதைக் கழற்றி எடுத்துப் போகிறார், ஒலிக் கலவைப் பலகையில் இருப்பவரிடம் யார் பேசுகிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். நிகழ்ச்சி முடிந்ததும் பேண்ட்காரர்களிடம் போய்ப் பேசுங்கள். "எந்த அறையில் பயிற்சி செய்கிறீர்கள் அண்ணா?" என்ற ஒரு கேள்வி, இணையத்தில் பத்து நாள் தேடினாலும் கிடைக்காத தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிடும்.

ஆட்களைச் சேர்ப்பது

ஒரு கிட்டார், ஒரு பாஸ், ஒரு ட்ரம்ஸ், ஒரு குரல்: நான்கு பேர் போதும். கிட்டார் வாசிப்பவரே பாடுவாரானால் மூவரே போதும். ஐந்தாவது ஆளைச் சேர்க்கும்போது ஒலி கூடுவதைவிட, எல்லோருக்கும் ஒத்துவரும் பயிற்சி நேரம் கிடைப்பதில் உள்ள சிக்கல் அதிகமாகக் கூடும்.

ட்ரம்மரை முதலில் தேடுங்கள். கிட்டார் வாசிப்பவர்கள் தெருவுக்கு இருவர் இருப்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ட்ரம்ஸ் வைத்துப் பழக எந்தச் சங்கமும் ஒத்துக்கொள்ளாது என்பதால், நல்ல ட்ரம்மர்கள் இந்த ஊரில் அரிது. இருக்கும் ஒருவர் மூன்று பேண்டில் வாசித்துக்கொண்டிருப்பார். தேவாலயக் குழுக்கள், இசைப் பள்ளிகள், கல்லூரி இசை மன்றங்கள் ஆகிய மூன்று இடங்களில் கேட்டுப் பாருங்கள். கானாவிலும் பறையிலும் கை பழகியவர்களை ஒதுக்கிவிடாதீர்கள். அவர்களுடைய ஆறெட்டுத் தாள (6/8) ஓட்டம், புத்தகம் பார்த்து நாலுக்கு நாலு (4/4) தாளம் படித்தவருக்கு எளிதில் வராது.

திறமையைச் சோதிக்க ஒரு நாள் போதும். நேரத்துக்கு வருவாரா என்று அறிய ஒரு மாதம் வேண்டும். ஆகவே முதல் மாதம் பேண்டுக்குப் பெயர் வைக்காதீர்கள். பெயர் வைத்து, சின்னம் வரைந்து, சட்டை அச்சடித்த பிறகு ஒருவரிடம் "நீ வேண்டாம்" என்று சொல்வது மிகவும் சங்கடமான காரியம். அந்தச் சங்கடத்துக்கு அஞ்சியே ஓராண்டை வீணாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பயிற்சி அறை

நாங்கள் ஜாம் பேட் என்று சொல்லும் வாடகை அறைகள் மணிக்குச் சில நூறு ரூபாய் வாங்குகின்றன. ட்ரம்ஸ், கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் இரண்டு, ஒரு சிறிய ஒலிபெருக்கி, இரண்டு மைக் ஆகியவை அங்கே இருக்கும். தொடக்கத்தில் ஆம்ப் வாங்காதீர்கள். கிட்டார், நல்ல வயர் இரண்டு, சுருதி பார்க்கும் ட்யூனர் ஒன்று ஆகியவையே உங்கள் சொத்து. அறைக்கு வருவதற்கு முன் அவரவர் பகுதியை அவரவர் வீட்டிலேயே கற்றுக்கொண்டு வரவேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்குங்கள். வாடகை அறையில் உட்கார்ந்து கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) தேடுவது, ஆட்டோ மீட்டர் ஓட ஓட முகவரி தேடுவதற்குச் சமம்.

அறைக்குள் நிகழும் பெரிய தவறு சத்தம். ஒருவர் தன் ஒலி தனக்குக் கேட்கவில்லை என்று ஆம்பைத் திருப்புவார்; அடுத்தவர் அவரை மிஞ்சத் திருப்புவார்; அரை மணி நேரத்தில் பாடுபவரின் வாய் அசைவது மட்டும்தான் தெரியும். ட்ரம்ஸின் ஓசையைத் திருகு கொண்டு குறைக்க முடியாது என்பதால், அதையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். முதலில் ட்ரம்மர் மேடையில் அடிக்கும் பலத்தில் அடிக்கட்டும். அதற்கு மேல் குரல் தெளிவாகக் கேட்கும்வரை மைக்கை ஏற்றுங்கள். பிறகு பாஸ், கடைசியில் கிட்டார். கிட்டார் ஆம்பைத் தரையில் வைத்தால் அதன் ஒலி உங்கள் முழங்காலுக்குத்தான் கேட்கும். ஒரு நாற்காலியின் மேல் ஏற்றி, காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள். பாதி அளவிலேயே போதும் என்று தோன்றிவிடும்.

காது ஒருமுறை கெட்டால் திரும்பாது. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. ஒவ்வொரு மூன்று டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிறது. கணக்குப் போட்டால் 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான் வருகிறது. சிறிய அறையில் ட்ரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் பக்கத்தில் நிற்பவர் இந்த அளவை எளிதில் தாண்டுகிறார். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரைக் காதடைப்பான் போதும்; முதல் நாளிலிருந்தே போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இடது காதில் இரவு நேரங்களில் மெல்லிய விசில் கேட்கிறது. ட்ரம்மருக்கு வலப்புறம் நின்றே பத்தாண்டு வாசித்ததன் பலன் அது.

ஒவ்வொரு பயிற்சியையும் கைப்பேசியில் பதிவு செய்து, மறுநாள் தனித்தனியாகக் கேளுங்கள். வேகம் எங்கே ஏறுகிறது என்பதைக் குறித்து வையுங்கள். பாட்டில் திரும்பத் திரும்ப வரும் பகுதியான கோரஸ் வரும்போது எல்லாப் புதிய பேண்டுகளும் ஓட ஆரம்பிக்கும். வாரத்தில் ஒரு பயிற்சியாவது சீராகத் தட்டு கொடுக்கும் மெட்ரோநோம் ஓட்டத்தோடு இருக்கட்டும்.

பாட்டு: யாருடையது, எந்த மொழியில்

முதல் இரண்டு மாதங்களுக்கு மற்றவர்கள் பாட்டை வாசிப்பதில் குற்றமில்லை. நான்கு பேரும் ஒரே பாட்டைச் சேர்ந்து முடிப்பது எப்படி என்பது அதில்தான் பழகும். ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. ஊரறிந்த ஆங்கிலப் பாட்டை வாசித்தால் உடனே கைதட்டல் கிடைக்கும். சொந்தப் பாட்டுக்கு முதல் பத்து முறை கிடைக்காது. கைதட்டலுக்குப் பழகியவர்கள் திரும்பிவருவதில்லை. மூன்றாவது மாதத்திலிருந்து ஒவ்வொரு பயிற்சியிலும் பாதி நேரத்தைச் சொந்தப் பாட்டுக்கு ஒதுக்குங்கள்.

தமிழில் எழுதுவதானால், ராக் மெட்டில் ஒரு தனிச் சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் அசையை அழுத்தலாம், நீட்டலாம், சொல் மாறாது. தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். விடு என்பது வீடு ஆகும். படு என்பது பாடு ஆகும். எங்கள் இரண்டாவது பேண்டில் "என் மனம் போனதே" என்று ஒரு கோரஸ் இருந்தது. மெட்டு இறங்கும் இடத்தில் முதல் அசையில் நான்கு தட்டு நீளத்துக்கு ஒரு நீட்டல். பயிற்சி அறையில் எங்களுக்கு எதுவும் தோன்றவில்லை. மேடையில் பாடகர் தொண்டையைத் திறந்து "என் மா...னம் போனதே" என்று முழங்கியபோது, முதல் வரிசையில் இருந்த ஒரு கல்லூரிக் கூட்டம் சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. சோகப் பாட்டு அன்றோடு முடிந்தது.

இதைத் தவிர்க்கும் வழி நம் ஊரிலேயே இருக்கிறது. மெட்டை முதலில் தத்தகாரத்தில் பாடிப் பாருங்கள்: தன்னன்னா, தானானே என்று. நீட்டல் வரும் இடத்தில் தானாகவே "தா" வரும்; அங்கே நெடில் உள்ள சொல்லையே வையுங்கள். குறில்தான் வேண்டுமென்றால் நீட்டலைச் சொல்லின் கடைசி மெய்யில், மனம்ம்ம் என்று, ம் அல்லது ன் மேல் ஏற்றலாம். வல்லெழுத்துக்கள் இரட்டிக்கும் சொற்கள், அதாவது பக்கம், வெட்டு, கொட்டு போன்றவை, ஸ்னேர் என்ற சிறு ட்ரம்மின் அடி விழும் இரண்டாவது, நான்காவது தட்டில் உட்கார்ந்தால் பாட்டுக்குத் தனி முறுக்கு வரும். கானாப் பாடகர்கள் இதை யாரும் சொல்லித்தராமலே செய்கிறார்கள்; அவர்களைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

உரிமை பற்றி ஒரு சொல். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு உருவான கணத்திலேயே உரிமை பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. ஆனால் மெட்டு யாருடையது, வரி யாருடையது, எல்லோருக்கும் சம பங்கா என்பதைப் பாட்டு முடிந்த அன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி நால்வரும் "சரி" என்று பதில் போட்டுவிடுங்கள். பேண்ட் கலையும் நாளில் நட்பைக் காப்பாற்ற அது உதவும். எங்களுக்கு அப்படி ஒரு மின்னஞ்சல் இல்லை.

மேடை கேட்பது

முப்பது நிமிடம், ஆறு பாட்டு. இது கையில் உறுதியாக இருக்கும்வரை மேடை கேட்காதீர்கள். முப்பது நிமிடம் என்பதில் சுருதி சேர்ப்பதும் தண்ணீர் குடிப்பதும் அடக்கம். பாட்டு மட்டும் இருபத்தைந்துக்குள் நிற்க வேண்டும். பயிற்சி அறையில் ஆறு பாட்டையும் நிற்காமல், நடுவில் யார் தவறினாலும் தொடர்ந்து, மூன்று முறை வாசித்துவிட்டீர்களானால் தயார்.

பிறகு ஒரு பயிற்சியை அப்படியே காணொளியாக எடுங்கள். ஒலி நேர்த்தி முக்கியமில்லை. நால்வரும் ஒரே நேரத்தில் வாசிக்கிறீர்கள் என்பது தெரிய வேண்டும். நிகழ்ச்சி நடத்துபவருக்கு அனுப்பும் செய்தி ஐந்து வரியைத் தாண்ட வேண்டாம்: பேண்டின் பெயர், எத்தனை பேர், எந்த மொழி, காணொளி இணைப்பு, எந்தத் தேதிகள் ஒத்துவரும். கல்லூரிப் போட்டிகளில் சேருவது நல்ல தொடக்கம். அங்கே மேடை அமைப்பதற்கும் சேர்த்துத்தான் பெரும்பாலும் நேரம் தருவார்கள். கடிகாரத்தோடு வாசிக்கப் பழக அதைவிட நல்ல இடமில்லை. பரிசு கிடைப்பது நடுவரின் காதைப் பொறுத்தது, அதை விட்டுவிடுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உங்களைப் போன்ற இன்னும் இரண்டு பேண்டுகளோடு சேர்ந்து நீங்களே ஒரு மாலையை நடத்துங்கள். ஒவ்வொரு பேண்டுக்கும் இருபது நண்பர்கள் வந்தாலே அறுபது பேர்; ஒரு சிறிய காபிக் கடையின் மாடிக்கு அது நிறைந்த கூட்டம். ட்ரம்ஸ் வாடகையும் ஒலிக் கருவி வாடகையும் மூன்றாகப் பிரியும். உங்கள் முறை முடிந்ததும் பை கட்டிக்கொண்டு போய்விடாமல், கடைசி பேண்ட் வாசித்து முடிக்கும்வரை உங்கள் ஆட்களோடு நில்லுங்கள். இந்த ஊரில் ஒரு பேண்டின் பெயர் கெடுவதற்கு மோசமாக வாசிப்பதைவிட, பாதியில் எழுந்து போவதே முக்கியக் காரணம்.

ஒரு காகிதமும் ஒரு பையும்

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பு, ஒலி அமைப்பவருக்கு ஒரு பக்கக் காகிதம் அனுப்புங்கள். மேடையில் யார் எங்கே நிற்பார்கள் என்ற கோட்டுப்படம், எத்தனை மைக், எத்தனை ஆம்ப், பாஸ் நேரடியாகப் பலகைக்குப் போகிறதா, யாருக்கு மானிட்டரில் (வாசிப்பவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கியில்) எது கேட்க வேண்டும் என்பவை அதில் இருக்கட்டும். "கிட்டார் ரெண்டு, மைக் மூணு" என்று வாய்வழியே சொன்னது நிகழ்ச்சியன்று யாருக்கும் நினைவிருக்காது.

பையில் இருக்க வேண்டியவை: கம்பிச் சுருள் ஒரு முழுச் செட், கூடுதல் வயர் இரண்டு, கிட்டார் ஒலியை மாற்றும் பெடலுக்கு மின்கலம், ஐந்து ஆம்பியர் பின் நுழையும் நீள்கம்பிப் பலகை, கறுப்புத் துணி ஒட்டுநாடா, கைவிளக்கு, பாட்டு வரிசை எழுதிய தாள் நான்கு பிரதி. ட்ரம்மர் தன் ஸ்னேர், சிம்பல்கள், பெரிய ட்ரம்மைக் காலால் அடிக்கும் கிக் பெடல், குச்சி மூன்று ஜோடி ஆகியவற்றைத் தானே கொண்டுவர வேண்டும்; மற்றவை இடத்தில் இருப்பதைப் பகிர்ந்துகொள்ளலாம். இவற்றோடு ஒரு பழைய ஜமுக்காளமும் வேண்டும். பளிங்குத் தரையில் கிக் ட்ரம் ஒவ்வோர் அடிக்கும் அரை அங்குலம் முன்னே நகரும். மூன்றாவது பாட்டில் ட்ரம்மர் காலை நீட்டிக்கொண்டு அதைத் துரத்துவார். பவானி ஜமுக்காளத்தின் மேல் ட்ரம்ஸை வைத்தால் அது அசையாது. வெளிநாட்டுக் கம்பளம் தேட வேண்டியதில்லை, வீட்டுப் பரணில் பாருங்கள்.

சவுண்ட் செக்

நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பே போய்விடுங்கள். ஒலி அமைப்பவர் உங்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. நீங்கள் அவருக்காகக் காத்திருப்பீர்கள், அது வழக்கம். அவர் பெயரைக் கேட்டு, "அண்ணா" என்று அழைத்து, காகிதத்தின் இன்னொரு பிரதியைக் கையில் கொடுங்கள். அன்றிரவு உங்களை நன்றாகவோ மோசமாகவோ கேட்க வைப்பவர் அவர் ஒருவர்தான்.

கிக், ஸ்னேர், மற்ற ட்ரம்கள், பாஸ், கிட்டார், குரல் என்ற வரிசையில் அவர் ஒவ்வொன்றாகக் கேட்பார். அவர் கேட்கும்போது கேட்டதை மட்டும் வாசியுங்கள். ட்ரம்மர் கிக்கை மட்டும் அடித்துக்கொண்டிருக்கும்போது கிட்டார்காரர் தனக்குத் தெரிந்த வேகமான தனிவாசிப்பை எல்லாம் எடுத்துவிடுவது புதிய பேண்டின் முத்திரை. பிறகு உங்களுடைய மிகச் சத்தமான பாட்டில் ஒரு கோரஸ் வாசித்துவிட்டு இறங்குங்கள். முழுப் பாட்டு வேண்டாம்.

மின்சாரத்தில் அசட்டை கூடாது. கிட்டார் ஆம்ப் ஒரு சாக்கெட்டிலும் மைக் பலகை இன்னொரு சாக்கெட்டிலும் இருந்து, இரண்டின் எர்த் இணைப்பும் ஒன்றாக இல்லாவிட்டால், கம்பியைப் பிடித்தபடி மைக்கில் உதடு வைக்கும்போது ஷாக் அடிக்கும். திருமண மண்டபம் ஒன்றில் எனக்கு அப்படி உதட்டில் அடித்தது. அந்தப் பாட்டின் மிச்சத்தை ஒரு சாண் தள்ளி நின்று பாடினேன். மேடையேறியதும் எலக்ட்ரீஷியனை அழைத்து, கிட்டார் கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எல்லாவற்றையும் ஒரே இணைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். இரைச்சல் வருகிறது என்பதற்காக எர்த் பின்னைப் பிடுங்கிவிடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அதை யார் செய்தாலும் வாசிக்க மறுத்துவிடலாம். மைக்குக்கு நுரை உறை போட்டுக்கொள்வது கூடுதல் காப்பு.

குளிர்சாதன அறையில் சுருதி சேர்த்த கிட்டாரை மே மாத வெக்கையில் திறந்த மேடைக்குக் கொண்டுவந்தால் கம்பி தளர்ந்து சுருதி இறங்கும். அரை மணி முன்பே கருவியை வெளியே கொண்டுவந்து வைத்து, மேடையேறும் முன் மீண்டும் சேருங்கள்.

பத்து மணி

திறந்த வெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் உள்ளது. விழா நாட்களில் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல். அந்தப் பதினைந்து நாளில் உங்கள் நிகழ்ச்சி இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சிகள் தாமதமாகத் தொடங்குவதும் இங்கே வழக்கம் என்பதால், கடைசியாக வாசிக்கும் பேண்டின் நேரம்தான் வெட்டுப்படும். ஒருமுறை மைதானம் ஒன்றில் எங்கள் சிறந்த பாட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். 9.58க்கு அதன் முகப்பைத் தொடங்கினோம். முதல் சரணம் வருவதற்குள் ஒலிபெருக்கி நின்றது. ட்ரம்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகக் கேட்டது. அதன் பிறகு எங்கள் சிறந்த பாட்டு எப்போதும் மூன்றாவது; கடைசிப் பாட்டு, எந்த இடத்தில் அறுந்தாலும் நட்டமில்லாத ஒன்று.

பிறர் பாட்டைப் பொது மேடையில் வாசிப்பதற்கு உரிமம் வேண்டும். 1969இல் அமைந்த ஐபிஆர்எஸ் என்ற சங்கம் பாடல் இயற்றியவர்களின் சார்பில் அதை வழங்குகிறது. பொதுவாக நிகழ்ச்சி நடத்துபவரே அதை வாங்குவார். ஆனால் நடத்துபவர் நீங்களாகவே இருந்தால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. ஆறு பாட்டும் உங்களுடையதென்றால் இந்தத் தலைவலி பெரிதும் குறையும்.

பணம்

முதலாண்டில் வருமானத்தைவிடச் செலவே அதிகமாக இருக்கும். நிகழ்ச்சிக்கு முன்பே தொகையை எழுத்தில் கேளுங்கள்: நிலையான தொகையா, நுழைவுச்சீட்டில் பங்கா, சாப்பாடு மட்டுமா. "உங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கும்" என்று மட்டும் சொல்பவரிடம், ட்ரம்ஸ் வாடகையையாவது கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கும் மனமில்லாதவரின் மேடை அநேகமாக மோசமாகத்தான் இருக்கும். நிறுவனங்கள் பணம் தரும்போது வரி பிடித்துக்கொண்டு தரலாம், ஆகவே யார் பெயரில் பணம் வருகிறதோ அவருடைய பான் எண் தயாராக இருக்கட்டும். வந்த பணத்தில் முதலில் பயணச் செலவு, பிறகு பயிற்சி அறைக் கடன், மிச்சம் சம பங்கு. பாட்டு எழுதியவருக்குக் கூடுதல் பங்கு வேண்டுமானால் அது பதிவுகளின் வருமானத்தில் இருக்கட்டும். மேடையில் வியர்த்தது எல்லோரும்தான்.

வாசித்து முடித்த பிறகு

விளக்கு அணைந்ததும் கட்டிப்பிடிப்பதை ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டு, முதலில் மேடையைக் காலி செய்யுங்கள். வயர்களை எண்ணுங்கள், கொண்டுவந்த எண்ணிக்கையை ஜமுக்காளத்தின் மூலையில் எழுதி வைத்திருந்தால் நல்லது. ஒலி அமைத்தவருக்கு நன்றி சொல்லி, பலகையிலிருந்து பதிவு எடுத்திருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். அன்றிரவே அதைக் கேட்காதீர்கள். அன்று எல்லாமே அற்புதமாகவோ எல்லாமே நாசமாகவோ தோன்றும். இரண்டு நாள் கழித்து நால்வரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டு, மூன்று குறைகளை மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த பயிற்சிக்குப் போங்கள். உங்களோடு வாசித்த மற்ற இரண்டு பேண்டுகளிடமும் அடுத்த தேதியை அந்த வாரத்திலேயே பேசி முடியுங்கள். மாதம் ஒன்று கடந்தால் ஒருவருக்குத் தேர்வு வந்துவிடும், இன்னொருவர் பெங்களூருக்கு வேலை மாறிவிடுவார்.

மறுநாள் காலை, ட்ரம் முறுக்கும் சாவி எங்கே என்று கேட்டு ட்ரம்மரிடமிருந்து ஓர் அழைப்பு வரும். பதற வேண்டாம். அது எப்போதும் பாஸ் வாசிப்பவரின் பையில்தான் இருக்கும்.